வீடு மாறும்போது கைவேலை அறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு வேறு வீட்டுக்குப் போகிறவர்கள், அதிலும் தையல், பின்னல், எம்பிராய்டரி, மணி வேலை, காகித வேலை, வண்ணம் தீட்டுவது என்று எதிலாவது கை பழகியவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வரியே போதும்.

கைவேலைச் சாமான்களை முதலில் கட்டுவதா, கடைசியில் கட்டுவதா?

முதலில். சமையலறையையோ துணிமணியையோ இரண்டு மாதம் முன்னால் கட்டிவைக்க முடியாது. கைவேலைச் சாமான்களைக் கட்டிவைத்தால் அன்றாட வாழ்க்கை நின்றுவிடாது. தவிர, இதில் கட்டுகிற வேலையைவிடப் பிரிக்கிற வேலைதான் நேரம் பிடிக்கும். ஒரு நூல் டப்பாவைத் திறந்தால் அரை நாள் போய்விடும் என்பது கைவேலைக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் கட்டிவிடாதீர்கள். கையில் எடுத்துப் போகக்கூடிய ஒரு சின்ன வேலை, அதற்கு வேண்டிய ஊசி, நூல், கத்தரிக்கோல் மட்டும் ஒரு பையில் வெளியே இருக்கட்டும். வீடு மாறுகிற கெடுபிடியில் அது பெரிய ஆறுதல்.

இருபது வருடச் சேர்மானம். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

“இது பிறகு உதவுமா?” என்று கேட்டால் எல்லாமே உதவும். கைவேலைக்காரருக்கு உடைந்த பொத்தானும் மூலப்பொருள்தான். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: நாளைக் காலை நேரமும் மேஜையும் கிடைத்தால் இதை எடுத்து வேலையைத் தொடங்குவேனா? “ஆமாம்” என்று உடனே வந்தால் பெட்டிக்குள் போகட்டும். யோசனை நீண்டால் ஒதுக்கி வையுங்கள்.

பாதியில் நிற்கும் வேலைகள்தான் அதிகம் தொல்லை கொடுக்கும். அவற்றில் மூன்று வகை உண்டு. நேரம் கிடைக்காமல் நின்றவை. இவை கட்டாயம் கூட வரட்டும். நடுவில் சிக்கல் வந்து நின்றவை. சிக்கல் என்னவென்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் புது வீட்டில் மறுபடி அதே இடத்தில் முட்டுவீர்கள். மூன்றாவது, ஆசை போனதால் நின்றவை. இவற்றைப் பிரித்து நூலையும் துணியையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம். இதில் துரோகம் ஒன்றும் இல்லை.

ஆயுள் முடிந்த பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கலாம். எலாஸ்டிக்கை இழுத்து விட்டுப் பாருங்கள். சுருங்கி வராவிட்டால் அது செத்துவிட்டது. பழைய பருத்தி நூலை ஒரு சாண் எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் துணியிலும் அறுந்துதான் போகும், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் சரி. கெட்டியான பசை, காய்ந்த மார்க்கர், துருப்பிடித்த ஊசி இவற்றுக்கு வண்டியில் இடம் கொடுக்க வேண்டாம்.

அம்மாவின் புடவைத் துண்டு, பாட்டி பின்னிய விரிப்பு போன்றவை வேறு கணக்கு. அவை கைவேலைச் சாமான்கள் அல்ல, நினைவுப் பொருள்கள். அவற்றைத் துணிக் குவியலோடு சேர்த்து எடைபோட்டால் குவியலும் குறையாது, மனசும் கேட்காது. தனிப் பெட்டியில் போட்டுத் தனியாகப் பெயர் எழுதுங்கள்.

துணிகளைப் பெரிய பெட்டியில் போடலாமா?

வேண்டாம். துணி லேசு என்று நினைப்போம். 110 செ.மீ. அகலமுள்ள சாதாரணப் பருத்தித் துணி மீட்டருக்குச் சுமார் 160 கிராம் வரும். அப்படியானால் 100 மீட்டர் 16 கிலோ. திரைச்சீலைத் துணி, ஜீன்ஸ் துணி எல்லாம் அதைவிடக் கனம். காகிதமும் மணிகளும் இன்னும் மோசம். கனமானவற்றுக்குச் சின்னப் பெட்டி. கம்பளி நூல், பஞ்சு, லேஸ் இவற்றுக்குப் பெரிய பெட்டி.

மணி டப்பாக்களின் மூடிகளை டேப் போட்டு ஒட்டிவிட்டு, டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அதன் வாயையும் கட்டிவிடுங்கள். வண்டி குலுங்கி மூடி திறந்தாலும் மணிகள் பைக்குள்ளேயே கிடக்கும்.

தையல் மெஷினை எப்படிக் கொண்டுபோவது?

முதலில் நூல் கோத்திருக்கும் வழியை ஒரு போட்டோ எடுங்கள், நூலின் இறுக்கத்தைக் காட்டும் டென்ஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நூல், பாபின் (அடிநூல் சுற்றிய சின்ன உருளை), ஊசி மூன்றையும் கழற்றுங்கள். ஒரு துணித் துண்டை நாலாக மடித்து அடியில் வைத்து, அதன் மேல், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டை இறக்குங்கள்; குலுங்கினாலும் உலோகத்தோடு உலோகம் மோதாது. மிதிப் பெடலையும் வயரையும் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கள். மெஷின் வந்த அட்டைப்பெட்டியும் தெர்மாக்கோலும் இன்னும் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. மெஷின் எப்போதும் நிமிர்ந்தே பயணம் செய்ய வேண்டும். படுக்கப் போட்டால் எண்ணெய் போகக்கூடாத இடத்துக்குப் போகும். பக்கச் சக்கரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம். கைப்பிடி இருந்தால் கைப்பிடி, இல்லாவிட்டால் அடியில் இரண்டு கை.

பழைய இரும்பு மிதி மெஷின் என்றால் தலையை மேஜையோடு சேர்த்து நகர்த்தக்கூடாது. தலை பின்பக்கக் கீலில்தான் நிற்கிறது, வண்டி சாய்ந்தால் அதுவும் சாயும். பெல்ட்டைக் கழற்றி, கீலில் உள்ள இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். கழற்றிய திருகாணியை ஒரு சின்னப் பையில் போட்டு மெஷினிலேயே கட்டிவிடுங்கள். “பத்திரமான இடத்தில்” வைக்க வேண்டாம். அந்த இடம்தான் பிறகு யாருக்கும் நினைவுக்கு வராது.

முடிந்தால் லாரியில் அனுப்பாமல் சொந்த வண்டியிலோ டாக்சியிலோ உங்களோடு எடுத்துப் போங்கள். சீட்டின் மேல் வைப்பதைவிட முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைப்பது மேல். பிரேக் போட்டாலும் விழுவதற்கு இடம் இருக்காது.

வெயிலிலும் குளிரிலும் கெட்டுப்போகும் சாமான்கள் எவை?

மூடிய வண்டி வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டுக்கு முதல் பலி, வெட்டும்போது அடியில் போடும் கட்டிங் மேட். ஒருமுறை வளைந்தால் அது சரியாகச் சமநிலைக்குத் திரும்புவது அபூர்வம். இரண்டு தட்டையான அட்டைகளுக்கு நடுவே வைத்து, படுக்கை வாட்டத்தில், கடைசியாக ஏற்றி முதலில் இறக்குங்கள். சுவரில் சாய்த்து வைப்பதும் நாளடைவில் அதே வேலையைத்தான் செய்யும். மெழுகு, குளூ கன் குச்சி, பாலிமர் களிமண் இவையும் சூட்டை விரும்பாதவை. பாலிமர் களிமண் 110 முதல் 130 டிகிரியில் சுடப்படுவது என்றாலும், வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளேயே இறுக ஆரம்பித்துவிடும்.

குளிருக்குப் பயப்பட வேண்டியவை அக்ரிலிக் வண்ணமும் வெள்ளைப் பசையும். இரண்டும் தண்ணீரில் கலந்தவை. உறைந்து இளகினால் திரிந்துபோய்க் கட்டி கட்டியாகிவிடும், கலக்கினாலும் சேராது.

தின்னர், வார்னிஷ், ஸ்பிரே டப்பா?

தீப்பற்றும் பொருள்களைச் சாமான் ஏற்றும் நிறுவனங்கள் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். எடுப்பதாகச் சொன்னாலும் கொடுக்காதீர்கள். தீர்க்க முடிந்ததைத் தீர்த்துவிட்டு, மிச்சத்தை அதே வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது. சாக்கடையில் ஊற்றக்கூடாது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். ஆளி விதை எண்ணெய், மர எண்ணெய் தேய்த்த துணிகளைச் சுருட்டிக் குப்பைப் பையிலோ பெட்டியிலோ போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நெருப்பு, தீக்குச்சி எதுவும் தேவையில்லை. விரித்துப் போட்டு வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். வீடு காலி செய்கிற கடைசி நாளில், மர அலமாரிக்கு ஒரு கை எண்ணெய் தேய்த்துவிட்டுத் துணியை மூலையில் எறிகிற பழக்கம் பலருக்கு உண்டு.

பெட்டியின் மேல் என்ன எழுதுவது?

“கைவேலை – பலவகை” என்று மட்டும் எழுதாதீர்கள். பிறகு எல்லாப் பெட்டியும் அதுவாகவே இருக்கும். பெட்டியின் மேல்பக்கத்தில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது, பக்கவாட்டில் இரண்டு பக்கம் எழுதுங்கள். எந்த வேலைக்கான சாமான் என்று எழுதுவது, சாமான்களின் பெயரை எழுதுவதைவிடப் பயன்படும்: “எம்பிராய்டரி தொடங்க” என்றால் வளையம், நூல், ஊசி, துணி எல்லாம் அதற்குள் இருக்கும்.

பழைய வீட்டில் அந்துப்பூச்சி இருந்தது. கம்பளி நூலைக் கூட எடுத்துப் போகலாமா?

எடுத்துப் போகலாம், ஆனால் நேராகப் புது அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கம்பளியைத் தின்பது பறக்கிற பூச்சி அல்ல, அதன் புழு. முட்டை கண்ணுக்கு எளிதில் தெரியாது.

நல்ல வழி உறையவைப்பது. நூலையும் கம்பளியையும் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுக்க மூடுங்கள். வீட்டு ஃப்ரீஸர் சுமார் மைனஸ் 18 டிகிரி இருக்கும். அதில் இரண்டு வாரம் இருக்கட்டும். எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த நூலின் மேல் படிந்துவிடும். பெரிய கூடை நிறைய நூல் இருந்தால் முறைவைத்துத்தான் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும்.

அந்துருண்டையை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் ஆவி மூச்சுக்கு நல்லதல்ல, சிலவகைப் பிளாஸ்டிக் பொத்தான்களையும் டப்பாக்களையும் இளக்கிவிடும். தேவதாரு மரக்கட்டை, லாவெண்டர் பை எல்லாம் வாசனைக்குச் சரி. அவற்றை நம்பிக் கம்பளியை விட்டுவைக்க முடியாது.

புது வீட்டில் எந்த அறையைத் தேர்ந்தெடுப்பது?

பெரிய அறை வேண்டும் என்று தேடுகிறோம். பெரிய அறையைவிட, கதவைச் சாத்திவிட்டு வரக்கூடிய அறை முக்கியம். பாதியில் விட்ட வேலை மறுநாள் அப்படியே மேஜையில் இருந்தால்தான் அரை மணி நேரம் கிடைத்தாலும் உட்காரத் தோன்றும். எடுத்து அடுக்கிவிட்டு மறுபடி பரப்ப வேண்டும் என்றால் அந்த அரை மணியும் பரப்புவதிலேயே போகும்.

அடுத்தது ஈரம். சுவர் ஓதமடிக்கும் அறை, குளியலறைச் சுவரை ஒட்டிய அறை, நிலவறை இவற்றைத் தவிர்க்கப் பாருங்கள். காகிதம் நெளியும், ஊசி துருப்பிடிக்கும், துணியில் பூஞ்சை வரும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் சில நாள் அந்த அறையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 45 முதல் 55 சதவீதம் நல்லது, எப்போதும் 65-க்கு மேல் நின்றால் யோசிக்க வேண்டும்.

ஜன்னல் இருப்பது நல்லது, ஆனால் நேர் வெயில் நல்லதல்ல. பூமியின் வடபாதியில் வடக்குப் பார்த்த ஜன்னலும் தென்பாதியில் தெற்குப் பார்த்த ஜன்னலும் பெரும்பாலும் சீரான வெளிச்சம் தரும். தரை வழவழப்பாக இருந்தால் விழுந்த ஊசியைக் காந்தத்தால் எடுக்கலாம். கம்பளம் விரித்த தரையில் அந்த ஊசியைக் காலால்தான் கண்டுபிடிப்பீர்கள்.

அப்புறம், பெரிய மேஜை இருந்தால் கதவின் அகலத்தையும் படிக்கட்டு திரும்பும் இடத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

தனி அறையே இல்லை. என்ன செய்வது?

கதவு உள்ள ஒரு அலமாரி, மடக்கு மேஜை, சக்கரம் வைத்த டிராலி, அவ்வளவுதான். நடந்துகொண்டிருக்கும் வேலை மட்டும் டிராலியில், மற்றதெல்லாம் அலமாரியில். தனி அறையை வைத்துக்கொண்டு வேலையே செய்யாதவர்களைவிட இப்படி இருப்பவர்கள் அதிகம் செய்து முடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மேஜை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

ஒரே மேஜையில் எல்லா வேலையும் செய்வதால்தான் பலருக்கு முதுகு வலி வருகிறது. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு 70 முதல் 75 செ.மீ. போதும். நின்றுகொண்டு துணி வெட்ட அது மிகவும் தாழ்வு. வெட்டும் மேஜை உங்கள் முழங்கை உயரத்துக்கு ஐந்து முதல் பத்து செ.மீ. கீழே இருக்க வேண்டும். பலருக்கு இது 90 செ.மீ.க்கு மேலே வரும். அளக்கும்போது வேலை செய்கிறபோது போடும் செருப்போடு நில்லுங்கள். புது மேஜை வாங்க வேண்டியதில்லை, கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்தலாம்.

தைக்கும்போது மெஷினின் தளம்தான் கணக்கு, மேஜையின் தளம் அல்ல. சாதாரண மேஜையில் மெஷினை வைத்தால் கை இன்னும் மேலே போய்த் தோள் தூக்கிக்கொள்ளும். நாற்காலியை உயர்த்திக் காலுக்குப் பலகை போடுங்கள், அல்லது தாழ்வான மேஜையாகப் பாருங்கள்.

வெட்டும் மேஜையைச் சுவரோடு ஒட்டாமல் நடுவில் போட முடிந்தால் போடுங்கள். சுற்றிலும் 75 செ.மீ. வழி இருந்தால் துணியை நகர்த்தாமல் நீங்கள் நகரலாம், வெட்டு நேராக வரும்.

விளக்கு?

எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். அறுபது வயதில் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணாடியை மாற்றியும் சரியாகவில்லை என்று சொல்பவர்களுக்கு, பல நேரம் விளக்கை மாற்றினால் சரியாகிவிடும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அறைக்குப் பொதுவாக 500 லக்ஸ், நுண்ணிய வேலை செய்யும் இடத்தில் 1000 லக்ஸ் அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

பல்பு உறையில் நிறக் குறியீட்டு எண்ணை (CRI, நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதன் அளவு) பாருங்கள்; 90-க்கு மேல் இருக்கட்டும். வெளிச்சத்தின் நிறம் 4000 முதல் 5000 கெல்வினுக்குள். மஞ்சள் பல்பில் ஒத்துப்போன இரண்டு நீல நூல்கள் பகலில் ஒத்துப்போகாமல் இருக்கலாம், அதனால் நிறம் சேர்ப்பதை மட்டும் ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வலது கைக்காரர்களுக்கு மேஜை விளக்கு இடப்பக்கம், இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கம். கையின் நிழல் வேலையில் விழாது.

பிளக் பாயின்ட் எத்தனை வேண்டும்?

எத்தனை என்பதைவிட எதை எதில் செருகுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். வீட்டுத் தையல் மெஷின் நூறு வாட்டுக்குள்தான் இழுக்கும், அயர்ன் பாக்ஸ் 1000 முதல் 2400 வாட் வரை இழுக்கும். மெஷின், விளக்கு, ரேடியோ எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருக்கலாம். அயர்ன் பாக்ஸும் ஹீட் கன்னும் நேராகச் சுவர் பிளக்கில், இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். அயர்ன் பாக்ஸை நாற்காலியிலிருந்து எழுந்து போய் எடுக்கிற தூரத்தில் வைப்பது நல்லது என்பது என் எண்ணம். நடுநடுவே எழுந்திருக்க வேறு காரணம் நமக்குக் கிடைப்பதில்லை.

அலமாரி, டப்பா எல்லாம் குடிபோகும் முன்பே வாங்கிவிடலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: வாங்காதீர்கள். முதலில் மேஜை, விளக்கு, நாற்காலி மூன்றும் வரட்டும். சாமான்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். ஒரு வேலையை எடுத்துச் செய்து முடியுங்கள், பிறகு இன்னொன்று. எந்தச் சாமானுக்காகத் திரும்பத் திரும்ப எழுந்தீர்கள், எந்தப் பக்கம் கை தானாகப் போனது, எது குறுக்கே கிடந்தது என்று அப்போதுதான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அலமாரி அடியுங்கள். முதலில் அலமாரி வந்துவிட்டால் சாமான் அலமாரிக்கு ஏற்றபடி போய் உட்காரும், அறை கிடங்காகிவிடும், நீங்கள் அதன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு தைப்பீர்கள்.

வாங்கும்போது சில விஷயங்கள். துணிக்கும் நூலுக்கும் கண்ணாடிக் கதவோ திறந்த தட்டோ அழகுதான், வெயில் படுமானால் மடிப்பு ஓரங்கள் வெளுத்துவிடும். மெல்லிய மரத்தூள் பலகையில் 80 செ.மீ.க்கு மேல் தாங்கு இல்லாமல் விட்டால் துணியின் கனத்துக்குத் தொய்யும். பாலிஷ் போடாத மரத்தில் துணியை நேராக வைத்தால் மரத்தின் அமிலம் ஏறிப் பழுப்படிக்கும். துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 5 என்பது பாலிப்ரோப்பிலீன், நீண்ட நாள் வைக்க நல்லது. 3 என்பது பிவிசி, துணிக்கும் போட்டோவுக்கும் ஆகாது. 6 என்பது பாலிஸ்டைரீன், பாலிமர் களிமண்ணை அதில் வைத்தால் டப்பாவே இளகி ஒட்டிக்கொள்ளும்.

வந்து சில மாதம் ஆகிவிட்டது. அறை தயார், கைதான் வேலை செய்ய வரவில்லை.

இது பலருக்கு நடப்பதுதான். பழைய இடத்தில் கை போகும் வழியெல்லாம் உடம்புக்குத் தெரியும், இங்கே கத்தரிக்கோல் எங்கே என்று யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. புது அறை, புது வேலை என்று பெரிதாக ஆரம்பிக்காதீர்கள். முன்பு பத்து முறை செய்த ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு பை, ஒரு தொப்பி, ஒரு வாழ்த்து அட்டை. யோசிக்க எதுவும் இல்லாத வேலையாக இருந்தால், கை அறையைப் பழகிக்கொள்ளும்.

எல்லோரும் தங்கள் பெட்டிகளை என் அறையில் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

மேஜையின் மேல் எப்போதும் பாதி வேலையைப் பரப்பி வையுங்கள். காலி மேஜை இருந்தால்தான் பெட்டி வரும்.

ஒரு வருடமாகத் திறக்காத பெட்டியைத் திறக்காமலேயே கொடுத்துவிடலாமா?

அப்படிச் செய்யச் சொல்கிற ஆலோசனை நிறைய உண்டு. மற்ற சாமான்களுக்கு அது பொருந்தலாம், கைவேலைப் பெட்டிக்குப் பொருந்தாது. திறந்து பாருங்கள். நல்ல கத்தரிக்கோல், மெஷினின் பொத்தான் துளை ஃபுட், குரோஷா ஊசிகளில் அந்தக் குறிப்பிட்ட அளவு எல்லாம் எப்போதும் கடைசிப் பெட்டியின் அடியில்தான் கிடக்கும். மேலே கிடக்கும் துணியை வேண்டுமானால் பார்க்காமல் கொடுத்துவிடலாம், அடியைத் துழாவிவிட்டு.